பாலாற்றங்கரையில் ஒரு பாட்டறை: எந்த இன்டர்ஃபேஸ் வாங்குவது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என வேலூரைச் சுற்றியுள்ள தோல் தொழில் ஊர்களில் வீட்டின் ஓர் அறையைப் பாட்டுப் பதிவுக்கு ஒதுக்குபவர்கள் பல வகை. ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து ராத்திரியில் நபிகள் புகழ் பாடும் நாத் பதிவு செய்பவர் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கான புதுப்பாட்டைக் கீபோர்டோடு சேர்த்துப் பதிவு செய்யும் பாடகர் குழுத் தலைவர் உண்டு. கானாவும் ராப்பும் எழுதும் கல்லூரி மாணவர், பம்பைக் குழு நடத்தும் கிராமத்துக் கலைஞர் என்று வரிசை நீளும். இவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

கேட்க வேண்டிய கேள்விதான். கிடைக்கும் பதில்கள்தான் பெரும்பாலும் வேறு நாட்டு அறைகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே சுவரில் எர்த் ஒழுங்காக இருக்கும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தினாலும் பாடகர் வியர்வையில் நனைய மாட்டார். பக்கத்துத் தெருவில் தோல் பதனிடும் ஷாப்பின் டிரம் சுற்றாது. அதே கேள்வியை நம் ஊர் மின்சாரம், இரைச்சல், காற்று, பாட்டு இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் பதிலின் வரிசை மாறிவிடுகிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்ஃபேஸ் பெட்டிகளுக்குள் இருக்கும் ஒலித்தர வித்தியாசம் பற்றிய விவாதம் வீட்டு ஸ்டூடியோவைப் பொறுத்தவரை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: எத்தனை மைக்குக்கு எவ்வளவு கெயின், பெட்டிக்கு எங்கிருந்து மின்சாரம், கணினியோடோ போனோடோ அது எவ்வளவு ஒழுங்காகப் பேசுகிறது.

இன்டர்ஃபேஸின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக்கிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் மின்னலையைப் பெருக்குகிறது (பெருக்கும் பகுதி ப்ரீஆம்ப், பெருக்கும் அளவு கெயின்), எண்களாக மாற்றுகிறது, யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. கணினியிலிருந்து திரும்பி வரும் எண்களை ஒலியாக்கி ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் தருகிறது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபான்டம் பவரையும் மைக் கேபிள் வழியாகவே கொடுக்கிறது.

வீட்டில் ஸ்டூடியோ வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். மூன்று ஆண்டு கழித்து ‘ரோஜா’ வந்தது. அன்றைக்கு அது பெரும் முதலீடு. டிஜிடிசைன் நிறுவனம் 2002இல் எம்பாக்ஸ் என்ற இரண்டு சானல் பெட்டியைப் ப்ரோ டூல்ஸ் மென்பொருளோடு சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகுதான், மேசை மேல் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு கணினி என்ற ஏற்பாடு சாதாரண இசைக்கலைஞரின் கைக்கு எட்டியது. 2011இல் ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் வரிசை வந்தது. இன்று வீட்டு ஸ்டூடியோ படங்களில் கண்ணில் படும் அந்தச் சிவப்புப் பெட்டி அதுதான். பழைய வேலூர் மாவட்டத்தின் கிழக்கு முனையில் உள்ள அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, ‘தெருக்குரல்’ தொகுப்பை 2019இல் வெளியிட்டபோது, ஒரு குரலும் கணினியில் இசை கோக்கும் ஒரு நண்பரும் சேர்ந்தால் ஒரு முழு ஆல்பம் சாத்தியம் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்துபோனது.

இனி ஒலித்தரம். விளம்பரங்கள் இரண்டு எண்களை முன்னிறுத்தும்: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு நம் அறையை அளந்து பார்ப்போம். மின்விசிறி ஓடும் அறையில் இரைச்சல் சுமார் 45 டெசிபல். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நள்ளிரவில் உட்கார்ந்தால் 30, 35க்கு இறங்கலாம். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடுபவரின் குரல் சுமார் 90 டெசிபல். ஆக, பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 45 முதல் 60 டெசிபல் வரைதான். பழைய 16 பிட் சிடியே 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். இன்றைய நடுத்தர விலைப் பெட்டிகள் 100ஐத் தாண்டுகின்றன. அறை 50 தரும்போது பெட்டி 110 தருகிறதா 120 தருகிறதா என்பதில் காசைக் கொட்டிப் பயனில்லை.

ப்ரீஆம்ப் இரைச்சலும் இப்படித்தான். 150 ஓம் மின்தடை கொண்ட எந்த மூலமும், அறை வெப்பநிலையில் தன் எலெக்ட்ரான்களின் அசைவால் மட்டுமே ஒரு மெல்லிய இரைச்சலை உண்டாக்கும். அதன் அளவு ஏறத்தாழ -131 டிபியூ. எவ்வளவு செலவழித்தாலும் அதற்குக் கீழே போக இயற்பியல் விடாது. நடுத்தர விலைப் பெட்டிகளின் ப்ரீஆம்ப்கள் -127, -128இல் வந்து நிற்கின்றன. மிச்சமிருக்கும் மூன்று நான்கு டெசிபல் இடைவெளியை அடைக்கக் கேட்கப்படும் விலை, வீட்டில் பதிவு செய்பவருக்குத் தேவையில்லாதது. சாம்பிள் வேகத்துக்கு வந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாகப் பிடித்துவிடும். மனிதக் காது 20ஐத் தாண்டாது. வீடியோவோடு வெளியிடுவதென்றால் 48 வைத்துக்கொள்ளுங்கள். 192இல் பதிவு செய்தால் ஹார்ட் டிஸ்க் நான்கு மடங்கு வேகமாக நிரம்பும். பாட்டு அப்படியேதான் இருக்கும்.

பெட்டியின் முகத்தில் இருக்கும் கெயின் குமிழ்தான் உண்மையான பிரச்சினை தொடங்கும் இடம். இதில் இந்தப் பக்கத்தின் பாட்டு இரண்டு எதிர் முனைகளில் நிற்கிறது.

ஒரு முனையில் தனிக்குரல். நாத், குர்ஆன் ஓதும் கிராஅத், ஜெபப் பாடல். நாத்தில் பல வேளை வாத்தியமே இருக்காது. இருந்தால் ஒரு தஃப். குரல் தழைந்து, கிசுகிசுப்பாகத் தொடங்கி மேலே ஏறும். இங்கே பலரிடம் ஏற்கெனவே இருப்பது மேடைக்கு வாங்கிய ஷ்யூர் எஸ்எம்58 அல்லது அதைப் போன்ற டைனமிக் மைக். அது ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபலுக்கு, இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும். நல்ல கணீர்க் குரலுக்கே 50 டெசிபல் கெயின் வேண்டும். தழைந்து ஓதும் குரலுக்கு 60ஐத் தாண்டும். பாட்காஸ்ட் படங்களைப் பார்த்து எஸ்எம்7பி வாங்கியவர்களுக்கு இன்னும் கூடுதல் தேவை. குறைந்தது 60 டெசிபல் வேண்டுமென்று ஷ்யூர் நிறுவனமே சொல்கிறது. ஸ்கார்லெட் 2ஐ2இன் மூன்றாம் தலைமுறையில் உச்ச கெயின் 56 டெசிபல். 2023இல் வந்த நான்காம் தலைமுறையில் 69. அதே நான்காம் தலைமுறை சோலோவில் 57தான். ஒரே வரிசை, ஒரே நிறம். ஆனால் டைனமிக் மைக்கில் தழைந்து ஓதுபவருக்கு ஒன்று போதும், இன்னொன்று போதாது. போதாத பெட்டியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் போன்ற சின்னக் கருவியை மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் போடலாம். ஃபான்டம் பவரில் ஓடி 25 டெசிபல் போலக் கூட்டித் தரும். அதற்கான விலையை முதலிலேயே கணக்கில் சேர்த்தால், கெயின் கூடிய பெட்டியே மலிவாகிவிடும்.

இன்னொரு முனையில் பம்பை, மேளம், பறை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த அடியின் வலு தெரியும். (தோல் பதனிடும் ஊரென்றாலும் இந்த வாத்தியங்களுக்குப் பதனிட்ட தோல் ஆகாது. பதனிட்டால் தோல் இளகி, அதிர்வை விழுங்கிவிடும். காய்ந்து விறைத்த பச்சைத் தோல்தான் ஒலிக்கும்.) பம்பையின் முகத்தருகே 120 டெசிபல் வருவதாகக் கொள்ளுங்கள், அது 20 பாஸ்கல். வீட்டு ஸ்டூடியோக்களில் அதிகம் விற்கும் கண்டென்சர்களில் ஒன்றான ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 ஒரு பாஸ்கலுக்கு 14 மில்லிவோல்ட் தரும். இருபதால் பெருக்கினால் கால் வோல்ட்டுக்கு மேல். குச்சி தோலில் படும் நொடியின் உச்சம் அதைப்போலப் பல மடங்கு. கெயின் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பி வைத்தாலும் சில பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரியும். அப்படி நசுங்கிய அடியை எந்த மென்பொருளாலும் பிறகு சரிசெய்ய முடியாது. தீர்வு எளிது. பம்பைக்கும் பறைக்கும் கண்டென்சரை விடுத்து எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் வைத்தால் வெறும் 40 மில்லிவோல்ட் போலத்தான் வரும், பெட்டி நிம்மதியாக வாங்கிக்கொள்ளும். கண்டென்சர்தான் இருக்கிறதென்றால், உள்ளே வரும் அளவைக் குறைக்கும் ‘பேட்’ பொத்தான் உள்ள பெட்டியைத் தேடுங்கள். பெரிங்கர் யூஎம்சி202எச்டியில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அது உண்டு. பல மடங்கு விலையுள்ள சில பெட்டிகளில் இல்லை.

எத்தனை உள்ளீடு என்பதில் பெயர்கள் நன்றாகவே ஏமாற்றும். ‘4ஐ4’ என்றால் நான்கு மைக் போடலாம் என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. ஸ்கார்லெட் 4ஐ4இல் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். மற்ற இரண்டு கீபோர்டு போன்ற லைன் கருவிகளுக்கு. மோட்டு எம்4உம் அப்படியே. நான்கு பாடகர்களுக்கு நான்கு மைக் வேண்டுமென்றால் யூஎம்சி404எச்டி மாதிரி நான்கு ப்ரீஆம்ப் உள்ளதைப் பார்க்க வேண்டும். எட்டு வேண்டுமென்றால் ஸ்கார்லெட் 18ஐ20 ரகம். வேலூர் சி.எஸ்.ஐ. பேராயத்தின் சபைகளிலும் ஆம்பூர் லுத்தரன் சபைகளிலும் பாடகர் குழு பெரிதென்றால், அத்தனை பேருக்கும் தனித்தனி மைக் வைப்பதைவிட, நல்ல கூடத்தில் இரண்டு கண்டென்சரை உயரத்தில் வைத்துப் பதிவு செய்வதே அழகாக இருக்கும். குரல்கள் காற்றிலேயே கலந்து வரும். அதற்கு இரண்டு உள்ளீடு போதும். சபையில் ஏற்கெனவே யூஎஸ்பி உள்ள மிக்சர் இருந்தால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யமாஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்றவை எல்லா மைக்கையும் கலந்து இரண்டே தடமாகத்தான் கணினிக்கு அனுப்பும். பிறகு ஆல்டோ குரலை மட்டும் குறைக்க வழியில்லை. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற டிஜிட்டல் மிக்சர்கள் ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாகத் தரும். ஞாயிறு ஆராதனைக்கும் பதிவுக்கும் ஒன்றே பயன்படும் என்பதால், சபைப் பணத்தில் வாங்குவதற்கு இன்டர்ஃபேஸைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது மின்சாரம். எனக்கு மிகவும் கவலை தருவதும், வாங்குபவர்கள் யாரும் கேட்காததும் இதுதான்.

மடிக்கணினியில் பதிவு தொடங்கியதும் ஹெட்போனில் ‘உம்ம்’ என்று ஒரு அடித்தொனி. மடிக்கணினியின் உலோக விளிம்பில் கை வைத்தால் தொனி குறைகிறது. விரலை மெல்ல இழுத்தால் சுரீரென்று ஒரு கூச்சம். இதைக் கண்டதும் பெட்டி மட்டம் என்று முடிவு கட்டி அடுத்த விலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பெட்டியின் மேல் தவறில்லை. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினி அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மின்வலையின் ஒரு துளியைக் கணினியின் உடலுக்குக் கசிய விடும். சுவரில் எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இரண்டு முனை ப்ளக் என்றாலோ, மூன்று முனை இருந்தும் பின்னால் எர்த் கம்பி இல்லாத பழைய வீடு என்றாலோ, அது மைக் கேபிளையும் உங்கள் உடலையும் வழியாகத் தேடிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150உம் பதிவில் ஏறும்.

சோதிப்பது சுலபம். அடாப்டரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். ஓசை நின்றுவிட்டால் குற்றவாளி எர்த்தும் அடாப்டரும். அதனாலேயே இந்த ஊர்களில் தனி அடாப்டர் வேண்டாத, யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பெட்டியை முதலில் சிபாரிசு செய்கிறேன். பேட்டரி நிறைந்த மடிக்கணினியும் அப்படிப்பட்ட பெட்டியும் இருந்தால், பாடும் நேரத்துக்கு மின்வாரியத்தோடு உறவையே துண்டித்துக்கொள்ளலாம். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நிலைமை வேறு, ஆனாலும் பல வீடுகளில் அப்போது வாங்கிய இன்வெர்ட்டர்தான் இன்னும் ஓடுகிறது. அது ஸ்கொயர் வேவ் ரகமாக இருந்தால் ‘உம்’ என்பது ‘ஜிர்ர்’ என்று கூர்மையாகிவிடும். மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள்.

நிரந்தரத் தீர்வு எர்த் குழிதான். கரியும் உப்பும் போட்டு எலெக்ட்ரீஷியன் போடும் குழியின் திறன் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. பாலாறு வறண்டு நிலத்தடி நீர் இறங்கும் கோடையில் எர்த்தின் மின்தடை ஏறும். மழைக்காலத்தில் நன்றாயிருந்த அறை ஏப்ரலில் முனகத் தொடங்கும். குழியில் தண்ணீர் ஊற்றினால் ஓசை குறைவதைக் காதாலேயே கேட்கலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரில் மட்டும் உம் கேட்டால் சாதாரண கேபிளை எடுத்துவிட்டு டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ஓசை போக எர்த் முனையை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது, செய்யவே கூடாது. மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், பக்கத்துக் கட்டடத்தில் பெரிய மோட்டார்களை ஓட்டும் டிரைவ்கள் எல்லாம் இதே கம்பியில் தங்கள் பங்கைச் சேர்க்கும். ஒரு டிரம் ஓயும் நேரம், ஒரு ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள் அனுபவத்தில் இதைக் கண்டவர்கள்.

காற்று வழியாக வரும் இரைச்சலைப் பெட்டியால் எதுவும் செய்ய முடியாது. சென்னை, பெங்களூரு ரயில் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத்தான் போகிறது, நெடுஞ்சாலையும் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகவே போகிறது. தரை வழியாக வரும் தாழ்ந்த அதிர்வுக்கு மைக் ஸ்டாண்டின் கீழே மடித்த கம்பளம், மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர். சுவருக்கு என்ன ஒட்டலாம் என்பதில் ஒரு எச்சரிக்கை. ஷூ கம்பெனிகளின் கழிவில் ஈவிஏ ஷீட் மலிவாகக் கிடைக்கும். பார்வைக்கு ஸ்டூடியோ ஃபோம் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் குமிழிகள் மூடியவை, காற்று உள்ளே நுழையாது. எனவே ஒலியை அது உறிஞ்சாது. மெருகேற்றிய தோலும் உறிஞ்சாது, மேல் ஸ்தாயியைத் திருப்பி அடிக்கும். வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வருகிற திறந்த குமிழி ஃபோம் என்றால் பயன் உண்டு. அதைவிட இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்துவது நல்ல பலன் தரும், செலவும் இல்லை.

இங்கே மட்டும் சொல்ல வேண்டியது இன்னொன்று. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கருக்கும். தோல் ஷாப்புகளுக்கு அருகில் குடியிருப்பவர்கள் கொலுசு கருப்பதில் இதைப் பார்த்திருப்பார்கள். அதே வேலையை அது ஜாக்குகளிலும் குமிழ்களின் உட்பகுதியிலும் மெதுவாகச் செய்யும். சில ஆண்டுகளில் கெயினைத் திருப்பினால் கரகரப்பு, ஜாக்கை அசைத்தால் சத்தம் வந்து போவது. தங்க முலாம் பூசிய முனைகள் உள்ள கேபிளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது சென்னையில் ஆடம்பரமாக இருக்கலாம், இங்கே தேவை. வேலை முடிந்ததும் பெட்டியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, ஏற்றுமதி ஷூ டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடவே வைத்துவிடுங்கள். ஈரம் சேர்ந்தால்தான் இந்த அரிப்பு வேகமெடுக்கும். தோலைக் காக்க வந்த பொட்டலம் இதையும் காக்கும்.

மூன்றாவது, பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான ட்ரைவர். விண்டோஸ் கணினியில் ஆசியோ என்ற ட்ரைவர் வழியாகப் பேசும் பெட்டியில்தான் தாமதம் குறைவாக இருக்கும். சொந்த ஆசியோ ட்ரைவர் உள்ளதா என்பதைப் பெட்டியின் விவரக்குறிப்பில் பாருங்கள். பெரிங்கரின் மலிவான யூஎம்2, ஆசியோ4ஆல் என்ற பொது மென்பொருளை நம்பியிருக்கிறது. யூஎம்சி202எச்டிக்குச் சொந்த ட்ரைவர் உண்டு. விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இதற்காகவே கொடுக்கத் தகும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லிசெகண்ட், போய்வர எல்லாம் சேர்த்துப் பத்தை ஒட்டும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். எனவே பத்து என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்த ஆர்மோனியக்காரரைக் கேட்பதற்குச் சமம். பாடகர் சமாளித்துவிடுவார். 30ஐத் தாண்டினால் தாளம் தடுமாறும். டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இந்தப் பொத்தான் அவசியம்.

கணினியே இல்லாமல் போனில் பதிவு செய்பவர்களை இந்த வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. தனி ட்ரைவர் கேட்காத, ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ எனப்படும் பெட்டிகள் ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் வழியாகவும், யூஎஸ்பி சி வந்த ஐபோன் 15 முதலானவற்றில் நேரடியாகவும் வேலை செய்யும். பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலி போதும். ஃபான்டம் பவரைப் போட்டதும் பெட்டி அணைந்து அணைந்து எரிந்தால், போனால் அவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியவில்லை என்று பொருள். தனி மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட வேண்டும். அல்லது டைனமிக் மைக்குக்கு மாறலாம்.

இத்தனைக்கும் பிறகு எதை வாங்குவது? விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, ஆகவே வரிசையை மட்டும் சொல்கிறேன். ஒற்றைக் குரல், டைனமிக் மைக், மடிக்கணினி என்றால் நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2. கெயின் போதும், யூஎஸ்பி மின்சாரம் போதும். அளவைத் தானே பார்த்து நிறுத்தும் ஆட்டோ கெயின் வசதி, தனியாகப் பாடித் தானே பதிவு செய்பவருக்குப் பெரிய உதவி. மோட்டு எம்2வின் சின்னத் திரையில் ஒலி அளவு தெளிவாகத் தெரியும், ட்ரைவரும் நல்லது. ஆடியன்ட் ஐடி14இல் ஆப்டிகல் உள்ளீடு உண்டு. பின்னாளில் இன்னொரு எட்டு ப்ரீஆம்பைச் சேர்த்து வளர எண்ணுபவருக்கு அது சரி. கையில் காசு குறைவென்றால் யூஎம்சி202எச்டி வாங்கி, மிச்சத்தை எர்த் குழிக்கும் ஒரு நல்ல மைக்குக்கும் செலவிடுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேலான பெட்டி இந்தத் தேவைகளுக்கு வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய பெட்டி வாங்குவதில் தவறில்லை, சோதித்து வாங்கினால். ஃபயர்வயர் ரகத்தைத் தொடாதீர்கள். இன்றைய மடிக்கணினிகளில் அதைச் செருக இடமே இல்லை. குமிழ்களை முழுதாகத் திருப்பிக் கரகரப்பு கேட்கிறதா பாருங்கள். ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஃபான்டம் பவரைப் போட்டு, மைக் ஜாக்கின் 1ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே அளந்து, பிறகு 1க்கும் 3க்கும் அளக்க வேண்டும். இரண்டிலும் 44க்கும் 52க்கும் இடையே காட்டினால் சரி. ஒன்றில் மட்டும் குறைந்தால் விட்டுவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோடுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் கேபிளும் அடாப்டரும் வாங்க இரண்டு திசையிலும் வழியுண்டு. பழுதுபார்க்கத் தேவைப்படும்போதும் பயணம் அதே தூரம்தான் என்பதால், வாரண்டி சீட்டு உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தெருக்கூத்துக் குழுக்கள். வடாற்காட்டுக் கூத்து விடிய விடிய நடக்கும். முகவீணையின் கூர்மையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் வேடக்காரரின் குரலும் ஒரே மேடையில், அளவு முன்கூட்டியே கணிக்க முடியாதபடி ஏறி இறங்கும். அவர்களுக்கு மேசைப் பெட்டி ஒத்துவராது. ஜூம் எச்6 போன்ற கையடக்க ரெக்கார்டரில் நான்கு மைக் உள்ளீடு உண்டு, பென்சில் பேட்டரியில் ஓடும், ஜெனரேட்டரின் எர்த் பற்றிய கவலை இல்லை. இப்போது வரும் எச்6எசென்ஷியலில் 32 பிட் ஃப்ளோட் பதிவும் சேர்ந்திருக்கிறது. திடீரென்று குரல் உயர்ந்தாலும் ரெக்கார்டருக்குள் ஒலி நசுங்காது. மறுநாள் வீட்டில் அதையே யூஎஸ்பியில் செருகினால் அது இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். கூத்துக் குழு ஒன்றிடம் ஒரே ஒரு கருவி வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால், இதையே வாங்கச் சொல்வேன்.